மோர்ன் கலாபாஷின் நல்ல பெயர்

மோர்ன் கலாபாஷ் குன்றின் சகல குடிமக்களுக்கும், பாலத்துக்கு அப்பால் வாழும் கனவான்களுக்கும், சீமாட்டிகளுக்கும், பத்திரிகை ஆசிரியர்களுக்கும், இனி பிறக்கப்போகும் தலைமுறைகளுக்கும், குன்றின் நற்பெயர் மீட்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் இதனால் நான் அறிவித்துக்கொள்வது: படிக்கட்டின் கைப்பிடிக்கு நீலப் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

நன்றாகக் காய்ந்தும்விட்டது. பிடித்துக்கொண்டு ஏறலாம்.

மன்னிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். பல வருடம் தலைவராக இருந்தவன் வாயைத் திறந்தால் முதலில் இதுதான் வருகிறது. ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் அந்தப் பெயின்ட்தான்.

நோயல் நேற்று இங்கே வந்து, "என் மச்சானை நான்தான் கொன்னேன்" என்று அழுததாகக் கேள்விப்பட்டேன். அவன் நல்ல பையன், ஆனால் தனக்குத் தெரியாததையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறான். பாட்டிலை வீசியது அவன்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். போகலாம் என்பது ஒரு பேச்சுக்கு.

என் பெயர் ஹாலிஸ் சலாண்டி. கப்பல் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று சட்டைக் காலரைப் பார்த்தாலே தெரிகிறது.

எங்கள் குன்றில் எல்லோருக்கும் இரண்டு விலாசம். ஒன்று தூங்குவதற்கு, ஒன்று வேலை கேட்பதற்கு. விண்ணப்பத்தில் மோர்ன் கலாபாஷ் என்று எழுதினால், அதைப் படிப்பவர் தன் கைக்கடிகாரம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அதோடு சரி. ஆகவே யாருக்காவது நகரின் மேற்கே ஒரு அத்தையோ சித்தியோ இருந்தால் அவர்கள் வீட்டு விலாசத்தை எழுதுவோம். எனக்கு என் பெரியம்மா மகள் உர்சுலா. கார்லைல் தெரு, பதினேழாம் எண். இரண்டு அறை, ஒரு கோழிக்கூண்டு. நான் எழுதினேன், என் நண்பன் எழுதினான், அவன் தங்கை எழுதினாள். காகிதக் கணக்குப்படி அந்த வீட்டில் நாற்பது பேர் குடியிருந்தோம். உர்சுலா ஒருத்திதான் வாடகை கொடுத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த விலாசத்தை விட முடியாது. வங்கியில் அதுதான், பல் டாக்டரிடம் அதுதான். முப்பது வருடத்துக்குமேல் யார் கேட்டாலும் என் வாயில் கார்லைல் தெருதான் வந்தது. தூக்கத்தில் கேட்டாலும் அதையே சொல்வேன் என்று என் மனைவி வெர்னா கேலி செய்வாள்.

வெர்னாவுக்கு ஆஸ்துமா. ஒரு நாள் மூச்சு திணறியபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உடனே வந்தது. வந்து பாலத்தில் நின்றது. போலீஸ் ஜீப் துணையில்லாமல் எங்கள் குன்றில் அவர்கள் ஏறமாட்டார்கள் என்பது விதி. ஜீப் வேறெங்கோ போயிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றுவது நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கத்தில்தான் வெர்னாவை உட்கார வைத்திருந்தேன். அவளும் கடைசிவரை பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் குழுவை ஆரம்பித்தேன்.

சிரிக்கலாம், தப்பில்லை. நாங்களே சிரித்திருக்கிறோம். 'சேரி' என்று எழுதிய பத்திரிகைகளுக்கெல்லாம் கண்டனக் கடிதம் போட்டோம். 'உயர்நிலக் குடியிருப்பு' என்று எழுதும்படி கேட்டுக்கொண்டோம். கூட்டங்களில் 'வெட்டு', 'குத்து' போன்ற சொற்களைத் தவிர்த்து 'கருத்து வேறுபாடு' என்று சொல்ல வேண்டும் எனத் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தைப் படித்து முடித்ததும் எங்கள் செயலாளர் மிஸ் யூட்ரிஸ் எழுந்தாள். தையற்காரி, எப்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்கும்.

"பேர மாத்துனா கொழாயில தண்ணி வருமா சேர்மன்?"

"படிப்படியாக வரும் மிஸ் யூட்ரிஸ்."

"படி ஏறித்தான் நான் தண்ணி கொண்டுட்டு வரேன். அது வராது."

ஆனாலும் அவள்தான் அதிகம் உழைத்தாள். கடைசியில் மேயர் எங்களைக் கூப்பிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு கார்னிவலிலிருந்து அடுத்த கார்னிவல் வரை மோர்ன் கலாபாஷில் ரத்தம் சிந்திய வழக்கு ஒன்றுகூட போலீசில் பதிவாகாமல் இருந்தால், ஆம்புலன்ஸ் பாலத்தில் நிற்காமல் நேரே மேலே வரும். அவரே வந்து, டெலிவிஷன்காரர்களை அழைத்து வந்து, அறிவிப்பார்.

எங்களால் முடியாது என்று நினைத்துத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். எங்களால் முடிந்தது. கத்தி வைத்திருந்த பையன்களிடம் போய் நின்று கெஞ்சினேன். மனைவியை அடிப்பவன் வீட்டு வாசலில் மிஸ் யூட்ரிஸ் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்து தைத்தாள். கார்னிவல் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேயர் வருவதாக முடிவானது. அதற்காகத்தான் நீலப் பெயின்ட். அதற்காகத்தான் படிக்கட்டின் உச்சியில் கட்டுவதற்கு ஒரு வெள்ளைத்துணி. 'மோர்ன் கலாபாஷ் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று சிவப்பில் நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை மதியம், இரும்புப் பீப்பாயைத் தட்டி வாசிக்கும் எங்கள் பான் குழுவின் முற்றத்தில் இருந்தோம். பீப்பாய்களை வரிசையாக வைத்துப் பையன்கள் கார்னிவல் பாட்டைத் தட்டிப் பழகிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரு மூலையில் ஆல் ஃபோர்ஸ் ஆட்டம். இந்தத் தீவில் அந்தச் சீட்டு ஆடாதவன் பேச்சு வராதவனுக்குச் சமம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிராளியின் ஜாக்கைப் பிடித்துவிட்டால் 'தூக்கில் போட்டாச்சு' என்று கத்துவதும், மாட்டினவன் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வதும் ஆட்டத்தின் பாதி. அன்றைக்கு நோயலின் ஜாக்கைத் தூக்கில் போட்டவன் அவனுடைய அக்காள் புருஷன் ஆல்ட்வின் குவாமினா.

ஆல்ட்வினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குன்றில் ஒரே ஒரு விலாசம் வைத்திருந்தவன் அவன்தான். எந்த விண்ணப்பத்திலும் மோர்ன் கலாபாஷ் என்றே எழுதினான். அதனால் நகரத்தில் எங்கேயும் வேலை கிடைக்காமல் டாக்ஸி ஓட்டினான். குன்றுக்குமேல் ஏறுகிற ஒரே டாக்ஸியும் அவனுடையதுதான்.

"மச்சான், உன் ஜாக்குக்கு இன்னைக்கு சவ ஊர்வலம்" என்றான் ஆல்ட்வின். "பான் வாசிக்கப் பசங்களைக் கூப்பிடவா?"

"போதும் ஆல்ட்வின். சீட்டப் போடு."

"பூ வாங்கணும். சேர்மன் அஞ்சலி உரை படிக்கணும். ஏன் சேர்மனே, படிப்பீங்கல்ல?"

"படிச்சா பொழுது சாஞ்சுடும்" என்றாள் மிஸ் யூட்ரிஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உங்க அக்காவக் கட்டுனப்பவே நெனச்சேன் மச்சான். உங்க குடும்பத்துல யாருக்கும் சீட்டத் தூக்கத் தெரியாது. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கத்தான் தெரியும்."

நோயல் ரம் பாட்டிலை எடுத்து மேஜையில் வீசினான். ஆல்ட்வின்மேல் அல்ல, மேஜையில்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு உதவும். பாட்டில் உடைந்து, ஒரு நீளமான துண்டு ஆல்ட்வினின் தொடையின் உட்பக்கம் இறங்கியது. நோயல் அதைப் பார்த்தான். பிறகு மேட்டுப் புதர்ப் பக்கம் ஓடிவிட்டான்.

ரத்தம் நிறைய வந்தது. நாங்கள் நின்றோம்.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே, துணி குடுங்கய்யா" என்றாள் மிஸ் யூட்ரிஸ். யாரும் அசைவதற்குள் அவளே மேஜைக்கு அடியில் மடித்து வைத்திருந்த வரவேற்புத் துணியை இழுத்து, பல்லால் கடித்துக் கிழித்தாள். தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு பான் குச்சியைச் செருகி முறுக்கினாள். ரத்தம் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். கட்டின்மேல் 'கலாபாஷ்' என்ற எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். துணி போயிற்றே என்று நினைத்தேன்.

"என் வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நானும் வரேன்."

"வேண்டாம் மிஸ் யூட்ரிஸ். மெர்ல் மார்க்கெட்டிலிருந்து வரதுக்குள்ள இந்த ரத்தத்தக் கழுவிடுங்க. பாத்தா பயந்துடுவா."

மெர்ல் ஆல்ட்வினின் மனைவி. பாலத்தடி மார்க்கெட்டில் வறுத்த ரொட்டியும் உப்பு மீனும் விற்பவள். நான் சொன்னது நியாயமாக இருந்தது. அன்று நான் சொன்ன எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. மிஸ் யூட்ரிஸ் என் சட்டையைப் பிடித்து, "எங்கயும் நிக்காத. நேரா ஆஸ்பத்திரி" என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

ஆல்ட்வினைப் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தோம். முகம் வெளுத்திருந்தது, வாய் ஓயவில்லை.

"உங்க வரவேற்பு என் தொடையக் கட்டிக்கிச்சு சேர்மனே. மேயர் வந்தா நானே போய் நின்னுடறேன், படிச்சுக்கட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு போலீஸ் மேஜை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டுக்காயம் என்றால் எங்கே நடந்தது என்று முதலில் எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவீர்கள். அதைப் பற்றி அவனிடம் பேசினேன்.

"கேட்டா என்னப்பா சொல்லுவே?"

"நடந்ததச் சொல்லுவேன். மச்சான் பாட்டில வீசினான், ஏன்னா அவனுக்குச் சீட்டு ஆடத் தெரியாது. எழுதிக்கட்டும்."

"மார்க்கெட்ல கண்ணாடிமேல விழுந்துட்டேன்னு சொல்லேன்."

"எதுக்கு?"

"நாளைக்கு மேயர் வராரு. ஒரு வருஷம் காப்பாத்திட்டோம். ஒரு நாள்தான் பாக்கி."

வண்டிக் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். யோசித்தான். யோசிக்கவே மாட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையாகவே யோசித்தான்.

"இல்ல சேர்மனே. வேலையே கிடைக்கலேன்னாலும் நான் எடத்த மாத்திச் சொன்னதில்ல. ஒரு காலுக்காகவா இப்ப சொல்லப்போறேன்? நோயல் கையைக் காலப் புடிச்சு மன்னிப்புக் கேப்பான், நான் மன்னிச்சுடுவேன், மேட்டர் முடிஞ்சுது. ஊரு அப்படியேதான் இருக்கும். வலது பக்கம் திரும்புங்க."

நான் இடது பக்கம் திரும்பினேன்.

"ஆஸ்பத்திரி வலது பக்கம் சேர்மனே. டாக்ஸிக்காரனுக்கே வழி காட்டறீங்களா?"

ஃபேர்மவுன்ட் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். நீதிபதிகளும் டாக்டர்களும் இருக்கிற பகுதி. மதிய வெயிலில் அங்கே மனித நடமாட்டமே கிடையாது. எங்கள் குன்றில் ஒருவன் தும்மினால் நாலு ஜன்னல் திறக்கும், யாராவது கஷாயத்தோடு வருவார்கள். அங்கே ஒருவனை உயிரோடு பெஞ்சில் கிடத்திவிட்டுப் போனால் கேட்க நாதியில்லை. மரியாதையான இடம் என்றால் என்ன என்று நான் வாழ்நாளெல்லாம் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வேலிக்குப் பின்னாலிருந்து நாய்கள் மட்டும் பார்த்தன.

பூங்காவின் ஓரத்தில், தூங்குமூஞ்சி மரத்தடிப் பெஞ்சில் அவனை உட்கார வைத்தேன். வண்டி சூடாகிவிட்டது, ஆம்புலன்ஸை இங்கேயே வரச் சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"இங்கன்னா பறந்து வரும். நம்ம ஊருன்னாத்தான் பாலத்துல படுத்துக்கும். மூளைக்காரர் சேர்மனே நீங்க."

அவன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. என் திட்டம், கேட்டால் மிகவும் எளிமையானது. காயம் ஃபேர்மவுன்ட்டில் நடந்ததாக இருக்கட்டும். யாரோ வழிப்பறிக்காரன். எங்கள் கணக்கில் வராது. ஆல்ட்வின் பிறகு வேறு மாதிரி சொன்னாலும் திங்கட்கிழமைக்குமேல்தான் சொல்வான். அதற்குள் மேயர் அறிவித்திருப்பார். ஒருவனை ஏமாற்றி ஒரு குன்றைக் காப்பாற்றுவது. அதில் பெரிய பாவம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் காலில் போட்டிருந்த கட்டின்மேல் ஊர்ப் பெயர் இருந்தது.

"இத மாத்தறேன்" என்றேன். "இது அழுக்கு. சீழ் புடிச்சுடும்."

"இருக்கட்டும் சேர்மனே, நல்லா நிக்குது."

குச்சியை உருவினேன். துணியை அவிழ்த்தேன். என் கைக்குட்டையைக் கட்டினேன். கைக்குட்டை தொடையைச் சுற்றிவர எட்டியது, முடிச்சுப் போட மட்டும் சிரமப்பட்டது.

"இறுக்கிக் கட்டுங்க."

"கட்டியாச்சு."

மூலையில், பூட்டிய மருந்துக்கடைக்கு முன்னால் தொலைபேசிக் கூண்டு இருந்தது. ஆம்புலன்ஸ் எண்ணைச் சுற்றினேன். எதிர்முனையில் ஒரு பெண். "விலாசம் சொல்லுங்க சார்" என்றாள்.

"கார்லைல் தெரு, பதினேழு" என்றேன்.

"நோயாளி அங்கதான் இருக்காரா?"

"ஆமா."

பழக்கம், இன்ஸ்பெக்டர். முப்பது வருடப் பழக்கம். யாராவது 'விலாசம்' என்றால் என் நாக்கு வேறெங்கும் போகாது. இந்தத் தவறை எங்கள் குன்றுக்காரன் மட்டும்தான் செய்ய முடியும். உங்களைப் போன்றவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம்.

ஆல்ட்வினிடம் போய், "வந்துட்டிருக்கு" என்று சொன்னேன். நான் அங்கே இருந்தால் கேள்வி வரும், நான் கிளம்புகிறேன் என்றேன். அவன் தலையாட்டினான். "மெர்ல்கிட்ட கத்த வேணாம்னு சொல்லுங்க. நோயல அடிக்க வேணாம்னும் சொல்லுங்க" என்றான். கிழிந்த துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். பாலத்திலிருந்து ஆற்றில் போட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. உர்சுலா.

"ஹாலிஸ், யாரு செத்தா? வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. பக்கத்து வீட்டுக்காரி வேலிமேல ஏறிட்டா. என் வீட்ல காகிதத்துல குடியிருக்கிறீங்களே நாப்பது பேரு, அதுல யாருக்குடா நெஞ்சு வலி?"

"தவறுதலா வந்திருப்பாங்க."

"டிரைவர் நல்ல பையனா இருக்கான். கேக்கறான், வேற எங்கயாவது ஆள் கெடக்குதான்னு. உங்க ஆளுங்க யாராச்சுமா இருக்குமோன்னுதான் ஒனக்கு அடிச்சேன். தெரிஞ்சா சொல்லு, இப்பவே போறேங்கறான். ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

கார்லைல் தெருவிலிருந்து ஃபேர்மவுன்ட் பூங்காவுக்கு ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் போய்விடலாம்.

"தெரியாது" என்றேன்.

"நெஜமாவா?"

"திருப்பி அனுப்பிடு உர்சுலா. நாளைக்கு மேயர் வராரு, எனக்கு நெறய வேலை இருக்கு."

மிஸ் யூட்ரிஸிடமும் மெர்லிடமும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னேன். மெர்ல் உடனே கிளம்பினாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது, நாளை விழா முடிந்ததும் நானே கூட்டிப் போகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்" என்றாள். இந்தக் கையைத்தான். மேஜைமேல் இப்படி வைத்துக்கொள்ளலாமல்லவா.

ஞாயிற்றுக்கிழமை விழா நன்றாக நடந்தது. மேயர் நீலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளங்கையைப் பார்த்தார், கறை இல்லை. பையன்கள் பான் வாசித்தார்கள். இனி ஆம்புலன்ஸ் பாலத்தில் நிற்காது என்று மேயர் காமிராவைப் பார்த்துச் சொன்னார். குன்று முழுக்கக் கைதட்டியது. மெர்லும் தட்டினாள், தலையில் புதுத் துணி கட்டியிருந்தாள், விழா முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக. நான் பேசினேன். வெர்னாவைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தது. அது நடிப்பல்ல.

ஆஸ்பத்திரியில் ஆல்ட்வின் இல்லை. வாசலில் இறக்கிவிட்டதாகவும், தானே நடந்துபோகிறேன் என்று அவன் சொன்னதாகவும் மெர்லிடம் மாற்றிச் சொன்னேன். "ஆமா, அப்படித்தான் சொல்லுவாரு" என்று நம்பினாள். வார்டு வார்டாகத் தேடினோம். நானும் தேடினேன், கட்டிலுக்குக் கட்டில் குனிந்து பார்த்தேன். பார்க்கும்போது, ஒருவேளை இருப்பான் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போன ஒரு நீதிபதி பெஞ்சுக்கு அடியில் அவனைப் பார்த்திருக்கிறார். சட்டைப்பையில் ஓட்டுநர் உரிமம், அதில் சரியான விலாசம். தலைப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: 'மோர்ன் கலாபாஷ் ஆசாமி பிணமாகக் கண்டெடுப்பு.' ஃபேர்மவுன்ட் என்ற பெயர் எட்டாவது வரியில் வந்தது. செத்தவன் எங்கே விழுந்தான் என்பது ஒரு பொருட்டே அல்ல, எங்கிருந்து வந்தான் என்பதுதான் கணக்கு. இதை நான் யோசிக்கவில்லை. எல்லோரையும்போல ஆல்ட்வினும் ஒரு பொய் விலாசம் வைத்திருந்தால் நாங்கள் தப்பியிருப்போம்.

அன்று மாலையே உங்கள் ஜீப்புகள் வந்து மூன்று பான் பையன்களை அள்ளிக்கொண்டு போயின. மறுநாள் மேயர் அலுவலகத்திலிருந்து, சூழ்நிலையை முன்னிட்டு அறிவிப்பு நிறுத்திவைக்கப்படுவதாகச் செய்தி வந்தது. ஆம்புலன்ஸ் பழையபடி பாலத்தில் நிற்கிறது.

அடக்கத்தன்று குழுத் தலைவர் என்ற முறையில் நான்தான் பேசினேன். ஊரை நேசித்தவன், உண்மையை மறைக்காதவன் என்றெல்லாம் பேசினேன். எல்லாம் உண்மை. மெர்ல் பிறகு வந்து கேட்டாள்.

"கடைசியா அவர்கூட இருந்தது நீங்கதானே சேர்மனே. என்ன பேசினாரு?"

"உன்னைக் கத்த வேண்டாம்னாரு. நோயல அடிக்க வேண்டாம்னாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மிஸ் யூட்ரிஸ் சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போட்ட கட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாள். பத்திரிகைப் படத்தில் வெள்ளைக் கைக்குட்டை தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டமும் நடப்பதில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஒரு திருத்தம் கொண்டுவர விரும்புகிறேன். நாக்கின் பழக்கம் என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடுங்கள்.

அந்தப் பெண் இரண்டாவது கேள்வி கேட்டாளே, நோயாளி அங்கேதான் இருக்கிறாரா என்று, அப்போது கூண்டின் கண்ணாடி வழியாக நான் ஆல்ட்வினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் பலகையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினான். நல்ல தெம்பாக இருந்தான். இவன் திங்கட்கிழமை வரைக்கும் எங்கே பொறுக்கப்போகிறான், ஆம்புலன்ஸில் ஏறியதும் பேச ஆரம்பிப்பான், ஆஸ்பத்திரி வாசல் மேஜையில் இன்னும் விவரமாகப் பேசுவான், மோர்ன் கலாபாஷ் என்று எழுத்துக்கூட்டியும் சொல்வான் என்று தெரிந்தது. ஆமா என்றேன்.

காயம் பெரிது, எப்படியும் போயிருப்பான், உர்சுலா கேட்டபோதே காரியம் கைமீறிவிட்டிருக்கும் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த அறைக்குள் வந்து உட்காரும்வரைகூட அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

அந்த ஆம்புலன்ஸ் போனால் அவன் பிழைத்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் போனை வைத்தேன்.